ஃப்ரிட்ஜ் கொடுத்த சுருதி

ஈரத் தீக்குச்சி என்ற ராக் குழுவுக்கு அந்த மாதம் நான்கு கச்சேரிகள் வரிசையாக அமைந்தன. மூன்று முடிந்துவிட்டன. மூன்றிலும் தூணின் பாட்டு மட்டும் மேடையேறவில்லை.

தூண் என்பது டிரம்மர் அவளுக்கு வைத்த பெயர். பேஸ் கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்றால் நின்ற இடத்தை விட்டு அசைய மாட்டாள். பகலில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. யார் எது சொன்னாலும் அவள் பதில் ஒன்றுதான்: "சரி." அப்படிப்பட்டவள் ஒரு பாட்டு எழுதிக் கொண்டுவந்தபோது குழுவே வாயடைத்துப் போனது. மெதுவான பாட்டு என்பதால் பாடகர் அதைக் கடைசியில் வைத்தார். அங்கேதான் வந்தது வினை.

நாற்காலிக் கடைத் திறப்பு விழாவில், அவள் பாட்டு வருவதற்குள் முதலாளி மைக்கைப் பிடுங்கித் தள்ளுபடி அறிவித்தார். நீச்சல் குளத்தருகே மழை பிடித்துக்கொண்டது. கல்லூரி விடுதியில் பாடகரே, கூட்டம் கேட்கிறது என்று ஒரு குத்துப் பாட்டை இரண்டு தடவை பாடி நேரத்தைத் தின்றுவிட்டார். அவர் கார் ஓட்டக் கற்றுத்தருபவர், எல்லோருக்கும் மாஸ்டர்.

"அடுத்த தடவை கண்டிப்பா பாடிடலாம்" என்றார் மாஸ்டர்.

"சரி" என்றாள் தூண்.

நான்காவது, நூலகத்தை ஒட்டிய சிறிய அரங்கம். அதற்குப் பிறகு கையில் வேறு கச்சேரி இல்லை. மாஸ்டர் இப்போதே புதுப் பாட்டுகளைப் பற்றிப் பேசத் தொடங்கியிருந்தார். இங்கேயும் தவறினால் அந்தப் பாட்டு அவ்வளவுதான் என்று அவளுக்குத் தெரியும்.

அரங்கத்து மேடையில் நிஜப் பியானோ இருந்தது. அதைக் கேள்விப்பட்டு அண்ணி தன் கீபோர்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். அண்ணி என்றால் தூணின் அண்ணன் மனைவி. அண்ணன்தான் கிட்டார் வாசிப்பவன். தூண் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு மாஸ்டருக்கும் அவள் அண்ணிதான்.

மாலையில் ஒத்திகை பார்த்தார்கள். அண்ணி ஆசையாக உட்கார்ந்து பியானோவில் கைவைத்தாள். மற்றவர்களும் சேர்ந்தார்கள். எலுமிச்சம்பழத்தைக் கடித்ததுபோல எல்லோர் முகமும் ஒரே நேரத்தில் சுளித்தது.

"பியானோ இறங்கிக் கிடக்கு" என்றான் அண்ணன்.

"நேத்துதானே ஆள் வந்து சுருதி சேர்த்துட்டுப் போனாரு" என்றாள் அரங்கத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா, துடைப்பத்தை நிறுத்தி.

"அவருக்குக் காது சரியில்லை போல" என்றான் அண்ணன்.

டிரம்மர் அவனைக் காட்டிச் சிரித்தார். அவர் பல் டாக்டர். "மூக்குக்கண்ணாடிக் கடை வெச்சிருக்கான். கண்ணுக்குக் கருவி விக்கிறான். காதுக்கு மட்டும் சுருதி பார்க்கற டியூனர் ஒண்ணு வாங்க மாட்டேங்கறான்."

"காது இருக்கறப்ப கருவி எதுக்கு?" அண்ணன் வழக்கமாகச் சொல்வதுதான். அவன் காது என்பது உண்மையில் தங்கையின் பேஸ். அவள் சேர்த்துக் கொடுத்த சுருதியில்தான் அவன் சேர்ப்பான்.

மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மத்த பாட்டெல்லாம் பியானோ இல்லாம ஓடிடும். தூணோட பாட்டுதான் பியானோவுல ஆரம்பிக்குது. அதை மட்டும் விட்டுடலாமா?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"சரி" என்றது அவள் வாய். அவளைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

பேஸைக் கழற்றக்கூட மறந்து பக்கத்துக் கதவு வழியாக நடைக்கு வந்தாள். அங்கே குளிர்பான ஃப்ரிட்ஜ் ஒன்று முனகிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றாள். என்ன செய்வதென்று தெரியாத விரல் சும்மா மெல்லிய கம்பியை ஒருமுறை தட்டியது.

கம்பியின் ஒலியும் ஃப்ரிட்ஜின் முனகலும் ஒட்டிக்கொண்டன. பிசிறே இல்லை.

மறுபடி தட்டிப் பார்த்தாள். அதே ஒட்டுதல். அப்போதுதான் அவளுக்குச் சித்தியின் கடை ஞாபகம் வந்தது.

அவர்கள் பயிற்சி செய்வது சித்தியின் மருந்துக் கடைப் பின்னறையில். அங்கே ஊசி மருந்து வைக்கும் பெரிய ஃப்ரிட்ஜ் உண்டு. அதை நிறுத்தினால் சித்தி ஆளின் மூச்சையே நிறுத்திவிடுவாள். ஆரம்பத்தில் மெதுவான இடங்களில் எல்லாம் அதன் முனகல் வந்து குறுக்கே விழுந்தது. மல்லுக்கட்ட முடியாமல், தூண்தான் அந்த முனகலுக்கே கம்பியைச் சேர்த்தாள். தொல்லை தீர்ந்தது. பிறகு அது பழக்கமாயிற்று, பழக்கம் மறந்தும் போயிற்று.

இது வேறு இடம், வேறு ஃப்ரிட்ஜ். ஆனால் இரண்டுக்கும் ஒரே மின்சாரம். ஓடும் வேகம் ஒன்றாக இருந்தால் முனகலும் ஒன்றாகத்தானே இருக்கும்? அறிவியல் படித்தவளுக்கு இது இவ்வளவு நாள் உறைக்கவில்லை.

அவள் மேடைக்குத் திரும்பினாள். மாஸ்டர் பாட்டு வரிசையை மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பியானோ சரியாத்தான் இருக்கு" என்றாள் தூண். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "நாமதான் மேல நிக்கிறோம். நாம சித்தி ஃப்ரிட்ஜுக்குச் சுருதி சேர்த்திருக்கோம்."

"எதுக்கு?" என்றார் மாஸ்டர்.

அவள் சொன்னாள். அவளிடமிருந்து அவர்கள் ஒரே மூச்சில் கேட்ட மிக நீளமான பேச்சு அதுதான். சந்தேகப்பட்டவர்களை நடைக்கு அழைத்துப்போய்க் கம்பியைத் தட்டிக் காட்டினாள்.

டாக்டர் ஃப்ரிட்ஜின் தலையைத் தடவிக் கொடுத்தார். "ஊர்ல உள்ள ஃப்ரிட்ஜ் எல்லாம் நம்ம பக்கம். பியானோ மட்டும்தான் எதிர்க்கட்சி."

அண்ணன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். "உன் கீபோர்டு மட்டும் எப்படி நம்மகூடச் சேர்ந்துச்சு?"

"முதல் நாளே கொஞ்சம் ஏத்தி வெச்சுக்கிட்டேன்" என்றாள் அண்ணி. "உங்க குடும்பமே அப்படித்தான் போலன்னு நினைச்சேன். வந்த புதுசுல எதுக்கு வம்பு?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"உங்க காதைப் பத்தி உங்ககிட்ட யாரு சொல்றது?"

மாஸ்டர் சிரிப்பை இருமலாக மாற்றினார். "சரி, எல்லாரும் இறங்குங்க. எனக்கும் தொண்டைக்கு நல்லது."

பியானோவைக் கேட்டு பேஸ் இறங்கியது; பேஸைக் கேட்டு கிட்டார் இறங்கியது. வேலை முடிந்ததும் தூண் அந்த அக்காவைத் தேடிப் போனாள். முன்பின் தெரியாதவர்களிடம் வழி கேட்கக்கூடத் தயங்குபவள்.

"அக்கா, எங்க கடைசிப் பாட்டு அப்ப மட்டும் அந்த ஃப்ரிட்ஜை நிறுத்த முடியுமா? ஆரம்பத்துல ரொம்ப அமைதி வேணும்."

"பாட்டில் எல்லாம் சூடாயிடுமேம்மா."

"ஒரு பாட்டு நேரம்தான்."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "யார் எழுதின பாட்டு?"

"நான்."

"அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

அன்று கூட்டம் நல்ல கூட்டம். வேகப் பாட்டு முடிந்ததும் இன்னொரு தடவை என்று கத்தினார்கள். மாஸ்டர் வாயைத் திறந்தார். தூண் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் வாயை மூடிக்கொண்டு மைக்கை விட்டு ஓரடி விலகினார். பக்கத்துக் கதவருகே அக்கா ஃப்ரிட்ஜின் பிளக்கைக் கையில் தூக்கிக் காட்டினாள்.

அரங்கத்தில் அப்படியொரு அமைதி. அண்ணி பியானோவைத் தொட்டாள். அடுத்து தூணின் கம்பி ஒலித்தது. இரண்டும் ஒன்றோடொன்று இழைந்து கடைசி வரிசை வரைக்கும் போயின. தூண் அசையவில்லை, ஆனால் பாட்டின் நடுவில் அவள் குதிகால் தாளம் போட்டதைத் தான் பார்த்ததாக டாக்டர் பின்னால் சத்தியம் செய்தார்.

கைதட்டல் ஓய்ந்து, எல்லோரும் நடையில் நின்று குளிர்பானம் குடித்தார்கள்.

"அடுத்த கச்சேரியில இதையே முதல்ல வெச்சுடலாமா?" என்றார் மாஸ்டர்.

"வேணாம்" என்றாள் தூண். "நடுவுல வைங்க."

அக்கா பிளக்கைச் செருகினாள். ஃப்ரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுங்கிவிட்டு முனகத் தொடங்கியது. அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"இது கொஞ்சம் ஏறி நிக்குதில்ல?"

"காதுன்னா காது" என்றார் டாக்டர்.