எழுந்து நின்றவன்

படம் முடிந்து விளக்கைப் போட்டதும் அரங்கமே எழுந்து கைதட்டியது. டைரக்டரால் மட்டும் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. நான்காவது வரிசையில் அவருடைய பள்ளித் தோழன் குண்டூசி உட்கார்ந்திருந்தான், பக்கத்தில் அவன் மகள். இருவரையும் சிறப்புக் காட்சிக்கு வா வா என்று போனில் நச்சரித்து வரவழைத்ததே இந்த டைரக்டர் புண்ணியவான்தான்.

படம் பள்ளிக்கூடச் சேட்டை. இரண்டு பையன்கள், எந்நேரமும் பெண்களைப் பற்றியே பேச்சு, வாயைத் திறந்தால் காது கூசும் ஜோக். பெரியவர்களுக்கு மட்டும் என்று சான்றிதழ். அப்பாவும் மகளும் சேர்ந்து பார்க்கிற படமா இது? ஆனால் குண்டூசியின் மகள் கல்லூரியை முடிக்கப் போகிறவள். "எங்கப்பா கதைய படமா எடுத்திருக்காங்க, நான் பார்க்காம வேற யார் பார்ப்பா?" என்று அப்பாவின் கையைக் கோத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

குண்டூசி இப்போது லிஃப்ட் மெக்கானிக். உடம்புக்குத் தொப்பை வந்துவிட்டது, பேர் மட்டும் அந்தக் காலத்து ஒல்லியிலேயே நிற்கிறது.

நிஜத்தில் நடந்தது இதுதான். பள்ளியின் கடைசி வருடம். டைரக்டர் எங்கிருந்தோ ஒரு பலான படத்து சிடியைப் பிடித்து வந்தார். வீட்டில் மாட்டிக்கொள்ளக் கூடாதே! அதனால் பள்ளி ஆய்வகத்தில் வகுப்பே மாற்றி மாற்றி இரவல் வாங்கிக்கொண்டிருந்த 'தவளையின் ஜீரண மண்டலம்' உறைக்குள் அதைப் போட்டு வைத்தார். பெரிய மூளை! பிறகு மறந்துபோய் அந்த உறையை அப்படியே ஆய்வக அலமாரியில் திருப்பி வைத்துவிட்டார். பிள்ளைகளும் உட்கார்ந்திருந்த பெற்றோர் கூட்டத்தில், பாடம் நடத்தும் அழகைக் காட்ட டீச்சர் அதைப் போட, திரையில் தவளையைத் தவிர மற்றதெல்லாம் தெரிந்தது.

"யார் வேலை இது?" என்று தலைமையாசிரியை கத்தினார். முன்வரிசையில் டைரக்டரின் அப்பா. பெல்ட்டைக் கையில் எடுத்தால் கண்மண் தெரியாமல் விளாசுகிற மனிதர். டைரக்டர் முன்னால் இருந்தவன் முதுகுக்குப் பின்னால் குனிந்துகொண்டார். அப்போது பின்னாலிருந்து குண்டூசி எழுந்து நின்றான். "நான்தான் மேடம்" என்றான். அவ்வளவுதான், பள்ளியை விட்டு நீக்கிவிட்டார்கள். கணக்கில் புலி, இன்ஜினியர் ஆகிவிடுவான் என்று எல்லோரும் சொன்ன பையன், அடுத்த மாதமே கிரீஸ் டப்பாவைத் தூக்கினான்.

படத்தில்? சிடி குண்டூசியுடையது. எழுந்து நின்றவன் ஹீரோ. குண்டூசியாக நடித்தவன் கால்சட்டையை நனைத்துக்கொண்டு, "ஆமா மேடம், இவன்தான்!" என்று ஹீரோவைக் கைநீட்டிக் காட்டினான். படத்திலேயே பெரிய சிரிப்பு அந்த இடத்துக்குத்தான்.

மாற்றச் சொன்னவர் தயாரிப்பாளர். "ஹீரோ பயந்தாங்கொள்ளியா இருந்தா எவன் சார் டிக்கெட் எடுப்பான்?" டைரக்டர் ஒரு பேச்சுக்குக்கூட மறுக்கவில்லை. குண்டூசிதானே, சிரித்துவிட்டுப் போய்விடுவான் என்று நினைத்தார். திரும்பத் திரும்ப எழுதியதில், எழுந்து நின்றது தான்தான் என்பது போல அவருக்கே பழகிவிட்டது. வெட்கங்கெட்ட பழக்கம்.

டைரக்டரை மேடைக்குக் கூப்பிட்டு மைக்கை நீட்டினாள் தொகுப்பாளினி. "சார், இது உங்க சொந்தக் கதையாமே! நிஜமாவே நண்பனுக்காகப் பழிய ஏத்துக்கிட்டீங்களா?"

டைரக்டர் நான்காவது வரிசையைப் பார்த்தார். குண்டூசி தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மகள் நேராக மேடையைப் பார்த்தாள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

"ஆமா... அந்த வயசு அப்படி" என்றார். மறுபடியும் கைதட்டல்.

விருந்து கீழ்த்தளத்தில். லிஃப்டில் அவர்கள் மூன்று பேர் மட்டும் மாட்டிக்கொண்டார்கள். குண்டூசி வழக்கப்படி கதவுப் பக்கம் காதைக் கொடுத்தான். "கதவு உருளுற ரோலர் தேஞ்சிருக்குடா. இங்க யார்கிட்டயாவது சொல்லி வை." படத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அவன் நாலு திட்டு திட்டியிருந்தால்கூட டைரக்டருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மகள்தான் ஆரம்பித்தாள். "மாமா, ஒண்ணு கேக்கட்டுமா? எழுந்து நின்னது தான்தான்னு அப்பா சொல்லிருக்காரு. சின்ன வயசுலேர்ந்து நான் எல்லார்கிட்டயும் அதச் சொல்லிப் பீத்திக்கிட்டுத் திரியுறேன். எது மாமா நிஜம்?"

இந்த முறை சொல்லிவிட வேண்டும் என்றுதான் டைரக்டர் வாயைத் திறந்தார். சத்தியமாக. "அது வந்தும்மா..."

"நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்மா" என்று குறுக்கே புகுந்தான் குண்டூசி. சிரித்தான். "பொண்ணு முன்னாடி கொஞ்சம் பெரிய ஆளா இருக்கலாமேன்னு அள்ளி விட்டேன். மாமா எடுத்ததுதான் நிஜம்."

அதே குரல். அன்றைக்குப் பின்னாலிருந்து கேட்ட அதே குரல், ஒரு பிசிறு இல்லை. அடப்பாவி, இப்பவாவது சொல்லேன் என்று டைரக்டருக்கு உள்ளுக்குள் கிடந்து அடித்துக்கொண்டது. இல்லம்மா, உங்கப்பா பொய் சொல்லலை. இவ்வளவுதானே? அப்பாவின் பெல்ட்கூட இப்போது இல்லை. அவர் செத்து எவ்வளவோ காலமாயிற்று.

லிஃப்ட் நின்றது. கதவு திறந்ததும் கேமரா வெளிச்சம் கண்ணில் அடித்தது. "டைரக்டர் சார், இங்க வாங்க! போட்டோ!" என்று தயாரிப்பாளர் கூவினார்.

மூடப்போன கதவைக் குண்டூசி கையால் தடுத்துப் பிடித்தான். "போடா, உனக்காகத்தான் எல்லாரும் நிக்கிறாங்க."

டைரக்டர் போனார். போய், தயாரிப்பாளர் தோளில் கைபோட, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

கூட்டத்துக்கு நடுவே வாசல் தெரிந்தது. வரும்போது அப்பாவின் கையைக் கோத்துக்கொண்டு வந்தவள், இப்போது கைப்பையை மார்போடு அணைத்தபடி தனியாக முன்னால் போய்க்கொண்டிருந்தாள். குண்டூசி ஒருமுறை திரும்பி, கையைத் தூக்கி, "படம் ஹிட்டுடா!" என்று கத்தினான். அதற்குள் அவள் தெருவுக்குப் போய்விட்டாள். அவளைப் பிடிக்க அவன் கொஞ்சம் ஓட வேண்டியிருந்தது.