நிறுத்தக்கூடாத எஞ்சின்

வரதராசா ஆக்சிலேட்டரை மிதிமிதியென்று மிதித்தார். எஞ்சின் உறுமியதே தவிர, ஓட்டோ கியர் கார் கொட்டாஞ்சேனைச் சந்தியை விட்டு அசையவில்லை. பக்கத்து சீட்டில் இருந்த மகள் நேசமலருக்கு மூன்று மணிக்குக் கனடா விமானம். கட்டுநாயக்கா விமான நிலையம் வரை இன்னும் எத்தனை ஆமி செக்பொயின்டோ!

பக்கத்துக் கராஜிலிருந்து மெக்கானிக் மஜீட் ஓடிவந்தார்.

"எஞ்சினை நிப்பாட்ட வாணாம்!" என்றபடி பொனட்டைத் திறந்து, கியர்பெட்டியின் ஓயில் அளக்கும் குச்சியை உருவினார். நுனி காய்ந்திருந்தது.

"நேற்றுத்தானே கியர் ஓயில் மாத்தினது, மஜீட் நானா!" என்றாள் நேசமலர்.

"எஞ்சினை நிப்பாட்டிட்டு அளந்திரிக்காங்க, தங்கச்சி. எஞ்சின் ஓடினா எண்ணெய் உள்ளுக்கு ஏறி அளவு இறங்கிடும். அதனால ஊத்தினது காணாது."

ஒரு லீற்றர் ஊற்றினார். கார் வழுக்கிக்கொண்டு புறப்பட்டது. ஒரேயொரு குச்சியைப் பார்த்தே சொல்லிவிட்டாரே! நேசமலருக்குப் புல்லரித்தது.

"எந்த மடையன், அப்பா, ஓயில் மாத்தினவன்?"

வரதராசா வீதியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"நான்தான், பிள்ளை."