அழிக்காத செய்திகள்

காலையில் மிஸ்டு கால் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. பதில்தான் வரவில்லை.

பெரியபட்டினத்தில் தாஜுன்னிசாவுக்கும் கத்தாரில் இருந்த அவள் கணவர் பாக்கருக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. ஒருமுறை அடித்து நின்றால் 'நல்லா இருக்கேன்'. தொடர்ந்து மூன்று முறை அடித்தால் 'உடனே கூப்பிடு'. மற்றதெல்லாம் எஸ்எம்எஸ். ஆடு குட்டி போட்டதுகூட அவள் கையில் பக்கம் பக்கமாக விரியும். அவர் பதில் 'சரி'. இல்லாவிட்டால் 'ம்'.

ஒன்பது நாளாக அந்த 'ம்'கூட இல்லை. கடைசியாக அவள் எழுதியது இது: 'பதினாலு வருசம் போதும். முடிச்சுக்கிட்டு ஊருக்கே வந்துருங்க.'

வெள்ளிக்கிழமை போனில் பேசியபோது அவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. மாமியார் பக்கத்தில் இருந்ததால் அவளும் கேட்கவில்லை. கோபமா? வர மனமில்லையா?

செல்போன் கடை வைத்திருந்த தம்பி ஹமீதிடம் போனாள்.

"மச்சானுக்குக் கோவம் ராத்தா. வேறென்ன?"

"அப்ப நீ ஒண்ணு அனுப்பு. ஒன் மேல என்ன கோவம்?"

அனுப்பினான். வெகுநேரமாகியும் டெலிவரி ரிப்போர்ட் 'பெண்டிங்' என்றே நின்றது. தாஜுன்னிசாவுக்குப் பாதி பாரம் இறங்கியது. செய்தி போய்ச் சேரவே இல்லை! பிறகு மிஸ்டு கால் மட்டும் எப்படி?

அவளே யோசித்துச் சொன்னாள்: "கால் வந்துட்டுப் போயிரும். மெசேஜ் அங்கன தங்கணும்ல? தங்க எடமில்லன்னா?"

ஹமீது சிரித்தான். "அந்தப் பழைய செட்டுல நூத்தம்பது நிக்கும். ஆம்பள எவன் சேத்து வைக்கிறான்? படிச்சதும் அழிச்சிருவோம். ஒங்கள மாதிரியா?"

"ஒன் மச்சான் அழிச்சத நீ பாத்தியாக்கும்?"

மூன்று முறை அடித்தாள். பாக்கர் பதறிப்போய்க் கூப்பிட்டார்.

"ஒண்ணுமில்ல. மெசேஜ் பெட்டியில எத்தன கெடக்குன்னு பாருங்க."

"நிறைஞ்சிருச்சு போல. மேல ஒரு கவர் படம் மின்னிக்கிட்டே இருக்கு."

"யாரு அனுப்புனது இம்புட்டும்?"

"நீதான். வேல முடிஞ்சு வந்து முதல்லேருந்து படிப்பேன். நம்ம மவ கனி மொத நோன்பு வச்சதெல்லாம் இருக்கு. எப்படிப் புள்ள அழிக்க?"

ஒற்றை 'ம்'முக்குப் பின்னால் இவ்வளவா! அவள் ஹமீதைப் பார்த்தாள். அவன் கண்ணாடிப் பெட்டியைத் துடைக்கத் தொடங்கினான்.

பாக்கர் பெட்டியில் இடம் பண்ணினார். காத்துக்கிடந்த செய்தி நாள்பட்டு வீணாகியிருக்கும் என்பதால் அவள் அதையே மறுபடி அனுப்பினாள். உடனே போய்ச் சேர்ந்தது.

பதில் வந்தது: 'சரி. வாரேன்.'

அவர் வந்து இறங்கும்வரை பின்பற்றிய வழி இதுதான்: படித்த செய்தியைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, போனில் அழித்துவிட வேண்டும். அவளுடைய நீளச் செய்தி ஒவ்வொன்றும் மூன்று துண்டாக வந்து மூன்று இடம் பிடிக்கும். ஆகவே எந்நேரமும் பத்து இடம் காலியாக இருக்க வேண்டும்.