விளக்குக்கு முன்னால் ஒரு கூச்சல்

பேராசிரியை மொரெனிக்கேவுக்குத் தன் எலிகள் மேல் அப்படியொரு பெருமை. இபாதான் நகரில் அவருடைய ஆய்வுக்கூடத்தில் பச்சை விளக்கு எரிந்தால் எலிக்குச் சர்க்கரைத் தண்ணீர் கிடைக்கும். பழகிய எலிக்கு விளக்கைக் கண்டதுமே மூளையில் டோபமின் என்கிற எதிர்பார்ப்பு ரசாயனம் துள்ளும். அது ஊரறிந்த சங்கதி. இவருடைய எலிகளுக்கோ விளக்கு எரியுமுன்பே துள்ளியது! மூளைக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்று அடித்துச் சொன்னார். நாளை மறுநாள் அக்ரா மாநாட்டில் அதைத்தான் பேசப் போகிறார். இரண்டு வருட உழைப்பு.

எலிகளைப் பார்த்துக்கொள்ளும் காமோரு, ஜொலோஃப் என்கிற தக்காளிச் சோற்றுத் தட்டோடு எட்டிப் பார்த்தார்.

"கடிகாரமாவது, ஒண்ணாவது! பக்கத்து விடுதிப் பசங்க கத்துறதைக் கேட்டுத்தானேம்மா எலி எழுந்து நிக்குது?"

"எந்தக் கத்தல்?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! கரண்ட் வந்ததும் 'ஓ'ன்னு கத்துவாங்களே, அது. கரண்ட் வந்தாத்தானே நம்ம விளக்கு எரியும், பம்பு தண்ணி ஊத்தும்?"

மொரெனிக்கே குனிந்து கருவிகளின் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பதிவுக் கருவி பேட்டரியில் ஓடும். விளக்கும் பம்பும் மட்டும் கரண்டுக்குக் காத்திருக்கும். பிறந்ததிலிருந்து கேட்கிற கூச்சல், காதில் ஏறவே இல்லை.

"ரெண்டு வருஷமா வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

"நீங்க அதைத்தான் ஆராயறீங்கன்னு நினைச்சேன்."

மொரெனிக்கேவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனாலும் சும்மா நம்பிவிட முடியுமா? விடுதிக்கே போய், நாலு மணிக்குக் கரண்ட் வராமலே கத்தச் சொன்னார்.

"பொய்யாவா? பாவம் இல்லையா புரொபசர்?" என்றான் ஒரு மாணவன்.

நாலு மணி. ஆய்வுக்கூடத்தில் இருவரும் காத்திருந்தார்கள், கரண்ட் இல்லை. விடுதியே அதிர மாணவர்கள் கத்தினார்கள். எலி எழுந்து நின்றது. திரையில் டோபமின் கோடு விருட்டென்று ஏறியது. போச்சு, கடிகாரம் போயே போச்சு! விளக்கும் எரியவில்லை, தண்ணீரும் வரவில்லை. கோடு சரிந்து, முன்பு இருந்ததைவிடவும் கீழே போனது.

"ஏமாந்துடுச்சு, பாவம்" என்ற காமோருவின் கையில், கத்தல் கேட்டதும் சார்ஜரில் மாட்டிய போன்.

"பொய்க் கத்தல்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்று சிரித்தார் மொரெனிக்கே.

"தெரியும்மா. கத்தச் சொன்னதே நீங்கதானே. உங்க கை எங்க இருக்கு?"

அது மின்விசிறி சுவிட்சைப் போட்டுவிட்டு அங்கேயே இருந்தது.

இடது கையால் பேச்சுத்தாளை இழுத்து, 'கடிகாரம்' என்ற தலைப்பைக் குறுக்கே அடித்தார். விசிறி சுற்றாது என்று நன்றாகத் தெரியும். இருந்தும் சுவிட்சிலிருந்து விரலை எடுக்க மனம் வரவில்லை.