வேட்டைப்பேன்கள் வாங்கிக்கொண்டது

ஆப்பிள் தோட்டத்தில் மருந்தடித்த மூன்றாம் நாள், இலைகளின் அடியில் செத்துக்கிடந்த வேட்டைப்பேன்கள் இரத்தம் சிந்தத் தொடங்கின. கண்ணுக்கே தெரியாத பேன் ஒன்றுக்கு ஓர் ஆழாக்கு வீதம். மதியத்துக்குள் தோட்டமெங்கும் கணுக்கால் ஆழம் நின்றது. வேலையாட்கள் ரப்பர் பூட்ஸ் கேட்டார்கள், கொடுக்கப்பட்டது.

தோட்டம் அண்ணனுக்கும் தங்கைக்கும் பொது. பழத்தில் புழு கண்ட அன்றே அண்ணன் கடுமருந்தை வாங்கி வந்துவிட்டார். அடிக்கும் முன்பே தங்கை லென்ஸும் கையுமாகக் குறுக்கே நின்றாள்.

"இது புழுவ மட்டும் கொல்லாதுண்ணா. இலைச்சாற உறிஞ்சுற செம்பேனத் தின்னு நம்ம மரத்தக் காப்பாத்துறதே இந்தப் பேனுங்கதான்."

"புழு விழுந்த பழத்த எவன் வாங்குவான்? தள்ளு!"

லென்ஸைப் பிடுங்கிக் காலால் நசுக்கினார். தடுத்தவளை மருந்துப் பம்புமேல் தள்ளியதில் அவள் நெற்றி பிளந்தது. மூன்று தையல்.

புழுக்கள் செத்தன. ஆனால் தின்ன ஆளில்லாத செம்பேன் காட்டுத்தீயாய்ப் பெருகி, இலைகளைச் செம்புத் தகடாக்கியது. இரண்டாம் மருந்தும் மூன்றாம் மருந்தும் அதற்குக் குளியலாயின. ஒன்றரை மாதத்தில் அதன் நூலாம்படை கயிறாய்த் தடித்தது. காவல்நாய்கள் இரண்டும் கழுத்து நெரிபட்டுக் கிளையில் தொங்கின. ஒருநாள் காலை, நான்காம் மருந்தோடு போன அண்ணனையும் அது தூக்கிக்கொண்டது.

அலறல் கேட்டுத் தங்கை அரிவாளோடு ஓடினாள். அறுக்க அறுக்க நூல் ஒட்டிக்கொண்டது; அண்ணனின் முகம் நீலம் பாய்ந்தது. மருந்து எட்டாத சாலையோரக் காட்டு ஆப்பிள் மரம் அவள் நினைவுக்கு வந்தது. அதன் கிளைகளை வெட்டி வந்து, அவர் தொங்கிய மரத்தில் செருகினாள். அவற்றில் உயிரோடிருந்த வேட்டைப்பேன்கள் இறங்கின. தகரத்தில் ஆலங்கட்டி விழுவதுபோல் மென்று தீர்க்கும் சத்தம். கால்மணியில் நூல் அறுந்து அண்ணன் பொத்தென்று விழுந்தார். பேன்கள் நிற்கவில்லை. மருந்துக் குழாயைப் பிடித்திருந்த அவர் வலது கையை மணிக்கட்டுக்குச் சற்று மேல்வரை தின்றன. எலும்பையும் விடவில்லை.

தட்டிவிடப் போனவளை அவர் தடுத்தார்.

"விடும்மா. அதுங்க பக்கம் நியாயம் இருக்கு."

அதோடு அவை இலைக்குத் திரும்பின. மறுவருடம் பத்துப் பழத்துக்கு ஒன்றில் புழு இருந்தது. அவற்றைப் பொறுக்கிப் பன்றிகளுக்குப் போட்டார்கள். அண்ணன் இடது கையால் கிளைகளைக் கவாத்து செய்யப் பழகினார். சட்டை தைக்கப் போனபோது தையல்காரர் இரண்டு கையையும் அளந்தார். வலதை நான்கு விரற்கடை குறைத்து எழுதிக்கொண்டு, பட்டன் என்ன நிறம் வேண்டும் என்று கேட்டார்.