நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி

செல்லத்துரைக்கு வண்டிகளைப் பற்றித் தெரியாதது ஒன்றும் கிடையாது. அதை அவரே சொல்லுவார், கேட்காதவர்களிடமும் சொல்லுவார். தாராவியில் ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவர். கல்யாணம், கோவில் கொடை, கணபதி பந்தல் என்று இருபத்தாறு வருஷமாக மும்பை முழுக்க ஜெனரேட்டர் டிராலியை வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். அப்பேர்ப்பட்ட மனுஷன், தேவ்நாரில் பழைய வண்டி விற்கிற ஒரு யார்டில், இரண்டு பிக்கப்புகளுக்கு நடுவே கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

எல்லாம் போன ஜூன் மாதம் வந்த வினை. தாணேக்கு அப்பால் ஒரு குன்றின் மேல் சின்னதாக ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. சொந்தமாக ஜெனரேட்டர் வாங்க வழியில்லாத தர்ம ஆஸ்பத்திரி. மழைக்காலத்தில் அங்கே கரண்ட் போனால் இரண்டு நாள் வராது. போனதுமே செல்லத்துரைக்குப் போன் வரும். முதல் மழையிலேயே வந்தது. அவரும் ஓடினார். கடைசி மேட்டில், ஆஸ்பத்திரிக்கு இருநூறு அடி கீழே, பின்சக்கரம் இரண்டும் செம்மண் சேற்றில் சுற்றிச் சுற்றிக் குழி பறித்ததுதான் மிச்சம். இரண்டு டன் டிராலி பின்னால் இழுக்க, வண்டி ஒரு சாண் ஏறவில்லை.

மேலே சன்னல்கள் எல்லாம் இருட்டு. உள்ளே ஒரு பெண் வலியில் கத்துகிற சத்தம் அவர் நின்ற இடம் வரைக்கும் கேட்டது. செல்லத்துரை காதைப் பொத்திக்கொண்டார். நர்ஸ் சபுரா செல்போன் விளக்கைப் பல்லால் கவ்விக்கொண்டு, இரண்டு கையாலும் பிள்ளையை வாங்கினாளாம். தாயும் பிள்ளையும் நல்லபடியாகப் பிழைத்தார்கள். யாரும் அவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அடுத்த மழைக்குள் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி வாங்கியே தீருவது என்று அன்றைக்கே முடிவு கட்டினார்.

வண்டி காட்டியது வானமாமலை. திலக் நகரில் இருக்கிற தரகர். நம்ம ஊர்ப்பக்கத்து ஆள், ஏமாற்றமாட்டார் என்று செல்லத்துரை நம்பினார். ஏமாற்றவும் இல்லை. பாவம், அவருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

"அண்ணாச்சி, வெள்ளை, கறுப்பு, ரெண்டும் பக்கா ஃபோர் வீல். விலையும் ஏறக்குறைய ஒண்ணுதான். லிவரைப் போட்டு ஓட்டிப் பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."

யார்டின் தரை முழுக்க சிமெண்ட். செல்லத்துரை முதலில் வெள்ளையில் ஏறினார். நாலு சக்கரத்துக்கான லிவரைப் போட்டு, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து வட்டமடித்தார். வெண்ணெயாகத் திரும்பியது. அடுத்து கறுப்பு. அதே லிவர், அதே வட்டம். பாதி திரும்புவதற்குள் வண்டி முக்கியது, முனகியது, டயர் தரையில் தேய்ந்து கிறீச்சிட்டது, யாரோ பின்னாலிருந்து பிடித்து நிறுத்துவது போல நின்று நின்று குதித்தது.

"இது சீக்கு புடிச்சது வே. வெள்ளையையே முடிச்சிருவோம்" என்றார் செல்லத்துரை, இறங்கிக்கொண்டே.

"எனக்கும் அதான் தோணிச்சு அண்ணாச்சி" என்றார் வானமாமலை. டயருக்கு அடியில் வைக்க நாலு எலுமிச்சம்பழம் அவர் சட்டைப்பையில் தயாராக இருந்தது.

இதையெல்லாம் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள் இசக்கிசெல்வி. செல்லத்துரையின் மனைவி. ஜெனரேட்டருக்கு ஆயில் மாற்றுவது, ஃபில்டர் கழுவுவது, கோளாறு பார்ப்பது எல்லாம் அவள்தான். வண்டி விஷயத்தில் மட்டும் அவர் அவளை வாய் திறக்க விடுவதில்லை.

"ஏங்க, கறுப்பை லிவர் போடாம ஒரு வட்டம் அடிங்களேன்."

"எதுக்குட்டி?"

"அடிங்களேன்."

அடித்தார். முக்கவில்லை, முனகவில்லை. லிவரைப் போட்டார். மறுபடியும் குதித்தது.

"லிவர் போட்டாத்தான் குதிக்கிது. ஏன்?"

"ஏட்டி, ரிப்பேரு. வேற என்ன?"

இசக்கிசெல்வி விடவில்லை. "நம்ம சந்துக்குள்ள வண்டி போவாத எடத்துக்கு, சின்ன ஜெனரேட்டரைக் கம்புல கட்டி நாலு பேரு தூக்கிட்டுப் போறாவல்ல. முக்குல திரும்பையில என்ன செய்யணும்?"

"வெளிப்பக்கத்துக்காரன் எட்டி எட்டி நடக்கணும். உள்பக்கத்துக்காரன் காலை மாத்திட்டு நின்ன எடத்துலயே நிக்கணும். இது ஒரு கேள்வியா?"

"நாலு பேரும் ஒரே எட்டு வச்சா?"

"முட்டிக்கிட்டு நிப்பானுவ..." என்று ஆரம்பித்தவர், திரும்பிக் கறுப்பைப் பார்த்தார்.

"இது முட்டுதுன்னா நாலும் ஒண்ணாத் தூக்குதுன்னுல்லா அர்த்தம்? காஞ்ச தரையில முட்டும். சேத்துல சறுக்கிச் சறுக்கிச் சரியாயிரும். அந்த வெள்ளையிலதான் ரெண்டு பேரு சும்மா கம்பைத் தொட்டுக்கிட்டு வாராவன்னு எனக்குச் சந்தேகமா இருக்கு."

அவளே ஜாக்கியை எடுத்து வந்தாள். வெள்ளையின் முன்சக்கரம் ஒன்றை மட்டும் தரையிலிருந்து தூக்கினாள். லிவரைப் போட்டு, முதல் கியரில் நிறுத்தி, இன்ஜினை அணைக்கச் சொன்னாள். எல்லாம் ஒன்றோடொன்று பூட்டியிருந்தால் அந்தச் சக்கரம் அசையக்கூடாது. ஒற்றை விரலால் தள்ளினாள். சக்கரம் அது பாட்டுக்குச் சுற்றியது; நின்றபோது எதிர்ப்பக்கமாகத் தள்ளினாள், அதற்கும் சுற்றியது. உள்ளே எங்கேயோ பல் தேய்ந்துபோய், இன்ஜினுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

கறுப்புக்கு ஜாக்கி ஏறியது. இசக்கிசெல்வி தள்ளினாள். செல்லத்துரை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினார். வானமாமலையும் வந்து சேர்ந்துகொண்டார். பாறையில் அறைந்து வைத்தது போல அது இம்மி அசையவில்லை.

"மூணு மாசமா அந்த வெள்ளையைத்தான் நல்லதுன்னு சொல்லி வித்துக்கிட்டு அலையுதேன்" என்றார் வானமாமலை. அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

செல்லத்துரை மனைவியை ஏறிட்டுப் பார்த்தார். இருபத்தாறு வருஷ டிரைவருக்குத் தெரியாதது, ஜெனரேட்டர் கம்புக்குப் பின்னால் நடந்து வந்தவளுக்கு எப்படித் தெரிந்தது என்று மலைத்துப்போனார். ஆனாலும் பாராட்டுகிற பழக்கம் அந்த வாய்க்குக் கிடையாதே. பேசாமல் போய் அவளுக்கு ஒரு ஸ்பெஷல் சாயா வாங்கி வந்தார். எலுமிச்சம்பழங்கள் கறுப்பின் டயருக்கு அடியில் போயின.

இந்த வருஷமும் முதல் மழையிலேயே போன் வந்தது. சாயங்காலம் நாலு மணி. "செல்லத்துரை பாய், லைட் நஹி. ஒரு பிரசவ கேஸ் இருக்கு, ஜல்தி வாங்க" என்றாள் சபுரா. டிராலியைக் கறுப்பின் கொக்கியில் மாட்டிக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். தாணே தாண்டுவதற்குள் வானம் கரியாகக் கறுத்துவிட்டது.

மேட்டின் அடியில் லிவரைப் போட்டு, லோ கியருக்கு மாற்றினார். வண்டி ஏற ஆரம்பித்தது. வேகமா? நடந்து போகிறவன் முந்திவிடுவான். சேறு மேலிருந்து ஓடி வந்தது. நாலு சக்கரமும் ஒரு எட்டுக்கு ஒரு எட்டாக ஊன்றி ஊன்றி அதை மிதித்தன. பாதி மேட்டில் செல்லத்துரை பிரேக்கை மிதித்தார்.

"ஏங்க நிறுத்துனிய?"

"இங்கதான்" என்றார்.

போன வருஷத்துக் குழி இருந்த இடம். பின்னால் இரண்டு டன் தொங்குகிறது. ஆக்ஸிலரேட்டரில் காலே வைக்காமல் கிளட்சை மட்டும் மெள்ள மெள்ள விட்டார். ஒரு கணம் வண்டி மூச்சுப் பிடித்தது. அப்புறம் ஒரு அலுங்கல் இல்லாமல், டிராலியையும் தூக்கிக்கொண்டு மேலே நகர்ந்தது. செல்லத்துரைக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வண்டி என்று ஒன்றை வாழ்நாளில் இப்போதுதான் ஓட்டுகிறோம் என்று தோன்றியது. சாமி கும்பிடுகிற மாதிரி ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

மேலே போனதும் இசக்கிசெல்வி கேபிளை மாட்டி ஜெனரேட்டரைக் கிளப்பினாள். சத்தம் சீரானதும் திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் புருஷனைக் காணோம். போன் போட்டாள்.

"எங்க போனிய? இங்க சபுரா சாயா வச்சிருக்கா."

"கீழ நிக்கேன்."

"இந்த மழையிலயா? கீழ என்ன இருக்கு?"

செல்லத்துரை அந்தப் பழைய இடத்தில், சேற்றில் கணுக்கால் புதைய நின்றுகொண்டிருந்தார். அங்கிருந்து பார்த்தால் ஆஸ்பத்திரியின் ஏழு சன்னலும் தெரிந்தது. ஏழிலும் வெளிச்சம்.

"ஏட்டி, ஒரு நிமிசம் இரு. எல்லாம் எரியுது" என்றார்.

உள்ளே ஒரு பெண் கத்துகிற சத்தம் மழையைத் தாண்டி வந்தது. இந்தத் தடவை அவர் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. பிள்ளையின் அழுகை கேட்கிற வரைக்கும் அங்கேயே நின்றார்.