நிற்காத தட்டு

பழைய நாவலொன்றில் ஊரே ஒதுக்கிவைத்த மனிதனைப் பற்றி எழுதி வரும்படி றீற்றா ரீச்சர் சொல்லியிருந்தார். ஊரைத் திட்டுவதென்றால் ஷஹ்மாவுக்குக் கை தானாக ஓடும். மூன்று பக்கம் எழுதினாள். வாசித்து முடித்ததும் வகுப்பே கைதட்டியது.

அடுத்து றஞ்சனா எழுந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று வருடமாகக் கண்டிக்குப் பக்கத்துத் திகனயில் ஷஹ்மாவின் அடுத்த வீட்டில் இருப்பவள்.

"அந்த மனிதனை யாரும் அடிக்கவில்லை. விருந்து நாளில் வீடு வீடாகப் போகிற தட்டு அவன் வாசலில் மட்டும் நிற்கவில்லை. அது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்."

அவ்வளவுதான் எழுதியிருந்தாள். யாரும் கைதட்டவில்லை.

ஷஹ்மாவுக்குக் காது சுட்டது. நோன்புப் பெருநாளன்று வட்டிலப்ப இனிப்புத் தட்டைத் துணியால் மூடிக்கொண்டு அயல் வீடுகளுக்கெல்லாம் போகிறவள் அவள்தான். சைவக்காரர்களைச் சங்கடப்படுத்தக்கூடாதென்று றஞ்சனாவின் வாசலை மட்டும் தாண்டிப் போவாள். அதைப் பெரிய மரியாதையென்றே இதுவரை நினைத்திருந்தாள்.

இடைவேளையில் றஞ்சனாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"வட்டிலப்பத்துக்கு முட்ட போடுற. நீங்க சைவம்தானே, அதான் தரல்ல."

"நாங்கள் முட்டை சாப்பிடுவம். நீ கேக்கவேயில்லையே."

றஞ்சனாவின் குரலில் கோபமில்லை. சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து ஷஹ்மாவின் பக்கமாக நகர்த்தினாள்.

"உங்கட தட்டை வெறுமனே திருப்பித் தரக்கூடாதெண்டு, மூண்டு பெருநாளும் அம்மா வடை சுட்டு வச்சவா. பின்னேரம் நாங்களே சாப்பிட்டம்."